ரப்பர் மரத்தில் ஒரு சிறு படகு: சாயம் பூசி முடிக்கும் முறை

கோலாலம்பூருக்குக் கிழக்கே அமைந்துள்ள அம்பாங் வட்டாரத்தின் பெயர், அணையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகும். ஈயம் எடுப்பதற்கென நீரைத் தேக்கிய அணைகளால் அப்பெயர் நிலைத்தது. 1857 ஆம் ஆண்டில், கிள்ளான் பகுதியின் பொறுப்பிலிருந்த இராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளர்களைப் படகுகளில் ஏற்றிக் கிள்ளான் ஆற்றின் வழியே உள்நாட்டிற்கு அனுப்பினார். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்குமிடத்தில் அவர்கள் கரையிறங்கிக் காட்டு வழியே நடந்து அம்பாங்கை அடைந்தனர். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் 69 பேர் மாண்டனர். மலேரியாக் காய்ச்சலே அதற்குப் பெருங்காரணம். எனினும் மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டனர், ஈயம் வெளிவந்தது, ஆறுகள் கூடுமிடத்தில் கோலாலம்பூர் நகரம் வளர்ந்தது. அதன் முதற்குடிகள் வந்து சேர்ந்தது படகில்தான்.

ரப்பர்த் தோட்ட மக்களுக்கும் அம்பாங்கோடு ஓர் உறவு உண்டு. 1925 இல் நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையகம் பல்லாண்டுகள் அம்பாங் சாலையில்தான் இயங்கியது. நம் தோட்டங்களில் பலரும் அறிந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மரவகை அக்கழகம் உருவாக்கியதே. 1998 இல் அக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைக்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கு உருவான ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை மரங்களில் பல, பாலோடு நல்ல பலகையும் தருவதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

படகையும் ரப்பர்ப் பலகையையும் ஒன்றுசேர்க்கும் ஒரு கைவேலையை இவ்விதழிற் கற்போம். ரப்பர் மரத்துண்டில் செதுக்கிய சிறு படகிற்குச் சாயம் பூசி முடிப்பது எவ்வாறு என்பதே பாடம். செதுக்கும் வேலையைப் பலரும் விரைவிற் பழகிக்கொள்கின்றனர். பல நாள் உழைப்பு வீணாவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். அவசரமாகப் பூசிய சாயம் வழிந்து காய்கிறது. சில மாதங்களில் உரிகிறது. உள்ளே மரம் கறுக்கிறது. இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. எந்தச் சாயம் என்று பாராமற் பூசினால், அப்படகை வைத்து விளையாடும் பிள்ளையின் உடல்நலமே கெடக்கூடும். ஆதலின் அழகோடு பாதுகாப்பையும் இப்பாடம் சேர்த்தே கூறும்.

எந்தப் படகு?

கப்பல் என்றவுடன் மூத்தோர் பலருக்கு 'ரஜூலா' நினைவிற்கு வரும். 1926 இல் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பினாங்கிற்கும், 1972 முதல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாமிற்கும் நம் முன்னோரை ஏற்றி வந்தது. அதன் மாதிரியைச் செய்ய வேண்டுமென்னும் ஆசை இயல்பே. ஆனால் புகைபோக்கி, சன்னல், கைப்பிடிக் கம்பி என நுணுக்கங்கள் நிறைந்த கப்பல் முதல் முயற்சிக்கு ஏற்றதன்று. தொடக்கநிலையாளர் சம்பான் போன்ற பாயில்லாத ஆற்றுப் படகையே எடுத்துக்கொள்ளுதல் நலம். நீளம் 30 சென்டிமீட்டர், அகலம் 7 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர் போதும். உட்புறம் குடைந்து, நடுவில் இரண்டு குறுக்குப் பலகைகள் வைத்தால் படகு நிறைவுறும். வளைவுகள் மென்மையாக இருப்பதால் தேய்ப்பதும் பூசுவதும் எளிது.

மரத்தை அறிதல்

பால் குறைந்த மரத்தை 25 அல்லது 30 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வது வழக்கம். முற்காலத்தில் அம்மரங்கள் பெரும்பாலும் விறகாயின. அல்லது தோட்டத்திலேயே எரிக்கப்பட்டன. 1980 ஆம் ஆண்டுகள் தொட்டு அதே மரம் நாற்காலி, மேசைகளாகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. வெட்டியவுடன் வெண்மஞ்சளாகவும், உலர்ந்தபின் இளம்பழுப்பாகவும் தோன்றும் இம்மரம், உளிக்கும் அரத்திற்கும் எளிதில் இணங்கும். உலர்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 560 முதல் 640 கிலோகிராம் எடையுள்ளதாகையால் நீரில் நன்றாக மிதக்கும்.

ஆயினும் இதற்கு இரண்டு பகைகள் உண்டு. மரத்தில் மாச்சத்து மிகுதி. அதனை நாடி நீலக்கறைப் பூஞ்சணமும் துளைவண்டும் வருகின்றன. வெட்டிய மரத்தைச் சில நாள் அப்படியே போட்டுவைத்தாலே கருநீலக் கறை படரத் தொடங்கும். வண்டு புகுந்த மரத்தில் ஊசித்துளைகளும் மாவுபோன்ற தூளும் காணப்படும். இதனால்தான் ஆலைகளில் மரத்தை அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலை ஊட்டிச் சூளையில் உலர்த்துகின்றனர்.

தோட்டத்தில் விழுந்துகிடக்கும் பச்சை மரத்தை எடுத்துப் படகு செய்தால், எவ்வளவு நல்ல சாயம் பூசினும் பயனில்லை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற முயன்று சாயத்தைக் கொப்புளமாக்கும், மரமும் வெடிக்கும். நாற்காலி, மேசை செய்யும் பட்டறைகளில் வெட்டிக் கழித்த துண்டுகளைக் கேட்டுப் பெறுதலே சிறந்த வழி. அவை முன்னரே மருந்தூட்டி உலர்த்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மறவாதீர்: போரான் உப்பு நீரிற் கரையும் இயல்புடையது. பூச்சில்லாத படகை நீரில் ஊறவிட்டால் மருந்து கரைந்துபோகும். ஆகவே இம்மரத்திற்குச் சாயமே மழைச்சட்டையாகும்.

தேவையான பொருள்கள்

1. உப்புத்தாள்: 120, 180, 240, 320 ஆகிய எண்களில் ஒவ்வொன்று. எண் சிறியதாயின் தாள் சொரசொரப்பு. எண் பெரியதாயின் நைசு.
2. மரத்திற்குரிய மக்கு, அதனை அப்புவதற்கு ஒரு தகடு.
3. அடிச்சாயம் ஒரு சிறு டின்.
4. மேற்சாயம் இரண்டு நிறங்களில். 'காரீயம் கலவாதது' என்று டின்னில் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும்.
5. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள மென்மயிர்த் தூரிகை ஒன்றும், 12 மில்லிமீட்டர் தூரிகை ஒன்றும்.
6. சாயக்காரர் பயன்படுத்தும் ஒட்டு நாடா ஒரு சுருள்.
7. பஞ்சுத்துணி, பழைய செய்தித்தாள், மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம்.

மேற்சாயத்தில் இரு வகைகள் கடைகளில் உண்டு. எண்ணெய்ச் சாயம் பளபளப்பானது, உறுதியானது, ஆனால் டர்பன்டைன் கொண்டு கலக்கவும் கழுவவும் வேண்டும். நீர்ச்சாயம் விரைவில் உலரும், நாற்றம் குறைவு, தூரிகையை நீரிலேயே கழுவலாம். பிள்ளைகளோடு சேர்ந்து செய்வோர் நீர்ச்சாயத்தையே தேர்ந்தெடுப்பாராக. எதை எடுத்தாலும் அடிச்சாயமும் மேற்சாயமும் ஒரே வகையாக இருந்தால் தொடக்கநிலையாளருக்குத் தொல்லையில்லை.

முதற்படி: தேய்த்தல்

சாயம் குறையை மறைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. பளபளக்கும் சாயம் சிறு கீறலையும் பெரிதாக்கிக் காட்டும். ஆகவே மொத்த நேரத்திற் பாதிக்கு மேல் தேய்ப்பதற்கே செலவாகும். அதனை வீண் என்று கருதற்க.

முதலில் 120 ஆம் எண் தாளை ஒரு சிறு மரக்கட்டையிற் சுற்றிக்கொண்டு, மரநார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கோடுகள் சாயத்தின் மேலும் தெரியும். உட்குழிவான இடங்களில், கட்டைக்குப் பதிலாக விரலளவு தடிப்புள்ள ரப்பர்க் குழாயில் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். உளியின் தடங்கள் மறைந்தபின் 180 ஆம் எண்ணையும், அடுத்து 240 ஆம் எண்ணையும் பயன்படுத்துக. இடையில் ஓர் எண்ணைத் தாண்டிச் செல்லுதல் ஆகாது. முந்தைய தாள் இட்ட கோட்டை அழிப்பதே அடுத்த தாளின் வேலையாகும்.

இதன்பின், பலர் விட்டுவிடும் ஒரு செயல் உண்டு. நனைத்துப் பிழிந்த துணியால் படகு முழுவதையும் ஒருமுறை துடைத்து நிழலில் உலர விடுக. தேய்க்கும்போது அழுந்திக் கிடந்த நார்கள் ஈரம் பட்டு எழுந்து நிற்கும். தடவினால் தாடிமயிர் போலக் குத்தும். நன்கு உலர்ந்தபின் 240 ஆம் எண் தாளால் மென்மையாகத் தேய்த்து அவற்றை நீக்குக. இதனை இப்பொழுதே செய்யாவிடின், முதற் சாயம் பட்டவுடன் அந்நார்கள் எழுந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும்.

வேலை சரியாக முடிந்ததா என்பதைக் கண்ணினும் விரலே நன்கறியும். கண்களை மூடிக்கொண்டு விரல் நுனியால் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, பின்முனை வரை தடவிப் பாருங்கள். பால் வெட்டும் கைகளுக்கு இது புதிதன்று. ஒருமுறை வெட்டுகையிற் சீவப்படும் பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டரே. அதனினும் ஆழ்ந்தால் மரத்திற் காயம். மேலோட்டமாகச் சீவினாற் பால் குறைவு. இருள் நீங்கும் முன்பே, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அந்த அளவைத் தவறாது காக்கும் கை, உப்புத்தாளையும் தூரிகையையும் எளிதில் ஆளும்.

இரண்டாம் படி: அடிச்சாயமும் மக்கும்

தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் அடிச்சாயத்தை மெல்லிதாகப் பூசுக. அடிச்சாயத்திற்கு மூன்று பணிகள் உண்டு. மரத்தின் நுண்துளைகளை அடைக்கிறது. மேற்சாயம் பற்றிக்கொள்ள இடம் தருகிறது. தேய்க்காமல் விட்ட குறைகளைக் காட்டிக் கொடுக்கிறது.

மரநாரின் முடிவு தெரியும் இடங்கள் படகின் இரு முனைகளிலும் உள்ளன. அங்கே நார்கள் உறிஞ்சுகுழல் போல் வாய்திறந்து நிற்பதால், சாயத்தை மிகுதியாகக் குடிக்கும். பின்னர் நீரையும் அவ்வாறே குடிக்கும். ஆகவே முனைகளுக்கு மட்டும் அடிச்சாயத்தை இரண்டு அல்லது மூன்று முறை பூசுதல் வேண்டும்.

அடிச்சாயம் ஓர் இரவு உலர்ந்ததும் படகை வெளிச்சத்திற்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், பள்ளங்களும் கீறல்களும் நன்கு புலப்படும். அவற்றில் மக்கை அப்புக. காயும்போது மக்கு சுருங்குமாதலால் சிறிது மேடாகவே வைத்து, நன்கு உலர்ந்தபின் 240 ஆம் எண் தாளால் மட்டமாக்குக. தேய்த்த இடத்தில் மரம் வெளிப்பட்டிருந்தால், அவ்விடத்தில் மீண்டும் அடிச்சாயம் தொட்டு வைக்க வேண்டும்.

வேளையறிந்து பூசுதல்

குளிர்நாட்டுச் சாய டின்களில், இத்தனை மணி நேரத்தில் உலரும் என்று குறித்திருப்பர். கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்கணக்கு அப்படியே பொருந்தாது. இங்குக் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் தாண்டும்; நண்பகலில் ஏறத்தாழ 60 விழுக்காட்டிற்கு இறங்கும்; பிற்பகலில் இடியுடன் மழை வந்தால் மீண்டும் ஏறிவிடும்.

எனவே முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரமே சாயம் பூசத் தக்கது. காலையில் பால் வெட்டி, எடுத்து, நிறுத்துக் கொடுத்துத் திரும்புவோர்க்கு நண்பகலுக்குப் பின் ஒருமணி நேரம் கிடைத்தாலும் போதும்; ஒரு பூச்சிற்கு அரைமணி நேரத்திற்கு மேல் ஆகாது. மரம் நனைந்திருந்தால் பால் வெட்டுவதில்லை அல்லவா? அதே விதி இதற்கும் பொருந்தும். மழை மேகம் கூடினால் டின்னைத் திறவாதீர். வெயில் நேரே படும் இடமும் ஆகாது. மேற்பரப்பு மட்டும் விரைந்து காய்ந்து, உள்ளே பச்சையாக நின்று, பின்னர்ச் சுருங்கிக் கொப்புளிக்கும். காற்றோட்டமுள்ள நிழலே உரிய இடம்.

மூன்றாம் படி: மேற்சாயம்

படகின் அடியில் யாரும் காணாத இடத்தில் இரு சிறு ஆணிகளைப் பாதியளவு அடித்து, அவற்றைப் பிடியாகக் கொள்ளுக. உலரும்போது அவ்வாணிகளை ஒரு பலகைத் துளைகளிற் செருகிவிட்டால் படகு எதிலும் ஒட்டாமல் நிற்கும்.

டின்னைக் குலுக்குவதற்குப் பதிலாகத் தட்டையான குச்சியால் அடிவரை கலக்குக. குலுக்கினால் எழும் காற்றுக் குமிழிகள் படகின் மேல் வந்து அமரும். வேண்டிய அளவை மட்டும் வேறொரு சிறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு டின்னை மூடிவிடுக. எண்ணெய்ச் சாயம் தடிப்பாயிருந்தால், பத்துப் பங்கு சாயத்திற்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்க்கலாம்.

தூரிகை மயிரின் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சாயத்தில் நனைத்து, கிண்ணத்தின் ஓரத்தில் வடித்துக்கொள்ளுக. முதலில் உட்புறம், பிறகு குறுக்குப் பலகைகள், கடைசியில் வெளிப்புறம் என்னும் வரிசையிற் பூசுக. நீளவாக்கில் பூசியபின், தூரிகையை ஏறத்தாழப் படுக்கையாகச் சாய்த்து, நுனி மட்டும் தொடுமாறு ஒரே திசையில் இழுத்து முடிக்க வேண்டும். முடித்த இடத்தை மீண்டும் தொடாதீர். ஒட்டத் தொடங்கிய சாயத்தைத் திரும்பத் தீற்றினால் தூரிகைத் தடம் நிலைத்துவிடும்.

முதற் பூச்சிற்குப் பின் அடிச்சாயம் ஆங்காங்கே தெரியும். அதைக் கண்டு கலங்கி அள்ளிப் பூச வேண்டா. தடித்த ஒரு பூச்சைக் காட்டிலும் மெல்லிய மூன்று பூச்சுகளே உறுதி. தடித்த பூச்சு வழியும், உள்ளுலராது, உரிந்து வரும். எண்ணெய்ச் சாயமாயின் பூச்சுகளுக்கிடையே ஒரு முழுநாளும், நீர்ச்சாயமாயின் குறைந்தது நான்கு மணி நேரமும் விடுக. மழைக்காலத்தில் இதனை இரட்டிப்பாக்குக. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் 320 ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்துத் தூளைத் துடைத்தபின்னரே அடுத்ததைப் பூசுக.

நான்காம் படி: நீர்க்கோடு

படகின் அடிப்பகுதிக்கு ஒரு நிறமும் மேற்பகுதிக்கு ஒரு நிறமும் இருந்தால் அது உண்மைப் படகு போலவே தோன்றும். இரு நிறங்கள் சேரும் இடமே நீர்க்கோடு. கைப்போக்கில் வரைந்தால் இது கோணிவிடும். சமமான மேசையின் மேல் படகை அசையாமல் நிறுத்துக. இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதன் முனை படகைத் தொடுமாறு கட்டையைச் சுற்றிலும் நகர்த்துக. படகு எவ்வளவு வளைந்திருந்தாலும் கோடு நீர்மட்டம் போல நேராக விழும்.

முதலில் வெளிர்நிறத்தை முழுவதும் பூசி, இரண்டு நாள் உலர விடுக. பிறகு கோட்டை ஒட்டி மேற்புறமாக நாடாவை ஒட்டி, அதன் ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்துக. நாடாவின் விளிம்பில் அதே வெளிர்நிறத்தை ஒருமுறை மெல்லிதாகத் தீற்றி உலரவிட்டால், இடுக்குகள் அடைபட்டுவிடும், அடர்நிறம் உட்கசியாது. இதன்பின் அடர்நிறத்தைப் பூசுக. கடைசிப் பூச்சு முழுவதும் காயும் முன்பே, நாடாவை அதன்மீதே மடித்து மெல்ல உரித்தெடுக்க வேண்டும். காய்ந்தபின் உரித்தால் சாயமும் துண்டு துண்டாகப் பெயரும்.

நிறத்தேர்வு அவரவர் விருப்பம். கிளந்தான், திரெங்கானு மீனவர் படகுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் கண்ணைக் கவரும் வண்ணக் கோலங்களுக்குப் பெயர்பெற்றவை. கோலத் திரெங்கானுவின் டூயோங் தீவில், வரைபடமே இல்லாமல் செங்கால் மரப்பலகைகளை மரமுளைகளால் இணைத்துப் படகு கட்டிய கைவினைஞர்களின் மரபு உலகறிந்தது. தமிழகக் கரையிலோ கட்டுமரங்கள் சாயமே காணாதவை. கடலிலிருந்து திரும்பியதும் அவற்றைக் கரையேற்றி உலர்த்துவதே பாதுகாப்பு. தோணிகளுக்கு மீனெண்ணெய் பூசும் வழக்கமும் அங்குண்டு.

மரத்தின் அழகே போதும் என்போருக்கு

ரப்பர் மரத்தின் இயற்கை நிறத்தைக் காண விரும்புவோர், அடிச்சாயமும் மேற்சாயமும் இன்றித் தெளிவான வார்னிஷ் பூசலாம். முதற் பூச்சிற்கு மட்டும் சம அளவு டர்பன்டைன் கலந்து மரத்திற்குள் இறங்கவிட்டு, அதன்பின் மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகள் கொடுக்க வேண்டும். நீலக்கறை படிந்த மரம் இதற்கு ஆகாது.

சிலர் வீட்டிலுள்ள தேங்காயெண்ணெயைத் தடவுகின்றனர். தேங்காயெண்ணெய் எத்தனை நாளாயினும் இறுகுவதில்லை. பிசுபிசுத்துத் தூசியை ஈர்க்கும். நாளடைவில் சிக்குவாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும் தன்மையுடையதாதலால் மரத்திற்கு அதுவே பொருந்தும். ஆனால் அவ்வெண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் பேராபத்து. எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். துணியை வெளியில் விரித்துக் காயவைத்தோ, நீரில் ஊறவைத்தோ அதன்பின் எறிக.

பிள்ளைகளின் நலம்

அம்பாங்கில் எடுத்த ஈயம் வெள்ளீயம். பழைய சாயங்களிற் கலந்திருந்ததோ காரீயம், அது நஞ்சாகும். சிவப்பு, மஞ்சள் ஆகிய நிறங்களில் அதன் கலப்பு பெரும்பாலும் மிகுதி. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்து, கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கிறது. ஒருமுறை நேர்ந்த கேடு மீள்வதில்லை. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க காரீய அளவு எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாயத்தில் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்கிற்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்பதே உலகளவிற் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு.

ஆகவே பட்டறையிலோ களஞ்சியத்திலோ ஆண்டுக்கணக்கிற் கிடந்த பெயர் தெரியாத டின்னை, வீணாகிறதே என்று எடுத்துவந்து பூசாதீர். பழைய கதவு, சன்னல் பலகைகளிலிருந்து படகு செய்ய எண்ணி அவற்றின் சாயத்தைச் சுரண்டுவதும் கூடாது. அத்தூளை மூச்சிலிழுத்தாலும் கேடே. உண்மைப் படகுகளின் அடியில் சிப்பியும் பாசியும் பற்றாமலிருக்கப் பூசும் சாயம் விளையாட்டுப் பொருளுக்கு ஒருபோதும் ஆகாது. கடலுயிர்களைக் கொல்வதற்கென்றே அதில் நஞ்சு சேர்க்கின்றனர். அவ்வகை நஞ்சுகளுள் ஒன்றான வெள்ளீயக் கூட்டுப்பொருள் சாயத்தைக் கப்பல்களுக்குப் பூசுவதை, 2008 இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக ஒப்பந்தமே தடை செய்துள்ளது.

மேலும் மூன்று எச்சரிக்கைகள்:

முதலாவது, தின்னர், டர்பன்டைன் ஆகியவற்றின் ஆவி காற்றினும் கனமானது. அது தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையின் அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். எனவே வீட்டிற்கு வெளியே, அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் வேலை செய்க.

இரண்டாவது, இத்திரவங்களைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்காதீர். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை அதை நீரென்றே எண்ணும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்தல் ஆகாது. வாந்தியோடு அது நுரையீரலுட் புகுந்து உயிருக்கு ஆபத்தாகும். புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைக.

மூன்றாவது, தேய்க்கும்போது முகக்கவசம் அணிக; வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின் உணவைத் தொடுக. மிஞ்சிய சாயத்தைக் கால்வாயில் ஊற்றாதீர். சிறிதளவாயின் செய்தித்தாளில் தடவிக் காயவைத்துக் குப்பையிலிடுக.

வேலை நாள்கள்: எண்ணெய்ச் சாயத்திற்கு

முதல் நாள்: தேய்த்தல், ஈரத்துணியால் துடைத்தல்.
இரண்டாம் நாள்: எழுந்த நாரைத் தேய்த்தல், அடிச்சாயம்.
மூன்றாம் நாள்: மக்கு அப்புதல்.
நான்காம் நாள்: மக்கைத் தேய்த்தல், அவ்விடங்களில் அடிச்சாயம்.
ஐந்து, ஆறு, ஏழாம் நாள்கள்: வெளிர்நிறம் நாளுக்கு ஒரு பூச்சு.
எட்டாம் நாள்: ஓய்வு.
ஒன்பதாம் நாள்: நீர்க்கோடு, நாடா, விளிம்பில் வெளிர்நிறத் தீற்றல்.
பத்தாம், பதினொன்றாம் நாள்கள்: அடர்நிறம், இறுதியில் நாடாவை உரித்தல்.
அதன்பின் ஒரு வாரம் தொடாமல் வைத்தல். பின்னர் அடியாணிகளைப் பிடுங்கித் துளைகளை மக்கால் அடைத்து, சாயம் தொட்டு உலரவிட்டபிறகே படகை நீரில் இடலாம்.

குறைகளும் பரிகாரமும்

சாயம் வழிந்து காய்ந்திருந்தால்: முற்றிலும் உலரும்வரை காத்திருந்து, 240 ஆம் எண் தாளால் மட்டமாக்கி மீண்டும் மெல்லிதாகப் பூசுக.

கொப்புளம் எழுந்தால்: உள்ளே ஈரம் இருக்கிறது. அவ்விடத்துச் சாயத்தை நீக்கி, மரத்தை ஒரு வாரம் உலர்த்தி, அடிச்சாயத்திலிருந்து மறுபடி தொடங்குக.

தூசி ஒட்டினால்: 320 ஆம் எண் தாளால் நீக்கிப் பூசுக. அடுத்த முறை, தேய்த்த இடத்திலேயே சாயம் பூசாமல் இடம் மாற்றுக.

வார்னிஷ் வெண்மை பூத்தால்: ஈரக்காற்றில் பூசியதே காரணம். வறண்ட நாளொன்றில் மேற்பரப்பைத் தேய்த்து மீண்டும் ஒரு பூச்சுக் கொடுக்க.

முதற் படகு குறையோடுதான் அமையும். அதனை அலமாரியில் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொடங்குக. எங்கே கை தவறியது என்பதை முதற் படகே காட்டும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிதாகப் பூசுவது, உலரக் காத்திருப்பது, குறையைக் கண்டு திருத்துவது ஆகியவற்றைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய அதே மரவகையிலிருந்து தன் கைப்படகு பிறந்தது என்பதையும் அப்பிள்ளை அறிந்துகொள்ளும்.

பயிற்சி வினாக்கள்

1. ரப்பர் மரத்தை அறுத்தவுடன் மருந்தூட்டுவது ஏன்?
2. சாயம் பூசுமுன் மரத்தை ஈரத்துணியால் துடைப்பதன் பயன் யாது?
3. படகின் இரு முனைகளுக்கும் அடிச்சாயம் மிகுதியாக வேண்டுவது ஏன்?
4. நீர்க்கோட்டை நேராக வரையும் முறையை விளக்குக.
5. பழைய டின்னிலுள்ள சாயத்தை விளையாட்டுப் பொருளுக்குப் பூசலாகாது என்பதற்குக் காரணம் கூறுக.